கோபத்திற்கும் ஒரு விலாசம் வேண்டும்

அரசாங்கத்தைக் குறை கூறாத ஊர் உலகத்தில் இல்லை. மழை பெய்தாலும் குறை, பெய்யாவிட்டாலும் குறை; அது மக்களின் இயல்பு என்று ஆட்சியில் இருப்பவர்கள் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு. ஆயினும் நாட்டின் நடுவில் வாழ்பவனுடைய குறைக்கும் எல்லைப்புறத்தில் வாழ்பவனுடைய குறைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நடுவில் வாழ்பவனுக்குத் தன் குறையை யாரிடம் சொல்ல வேண்டும் என்பது ஏறக்குறையத் தெரியும். எல்லையில் வாழ்பவனுக்கு அது தெரிவதில்லை. தெரிந்தாலும் அங்கே அவனுடைய மொழி எடுபடுவதில்லை. இந்த வேறுபாட்டைப் பற்றி நம் சங்கத்து அன்பர்களோடு சிறிது பேச விரும்புகின்றோம்.

நாங்கள் வடகரப்பதிக்காரர்கள். பிழைப்பை நாடி வெளியூர் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன என்றாலும், ஊர் எது என்று கேட்டால் வாயில் வருவது அந்தப் பெயர்தான். பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கோயமுத்தூர் மாவட்டத்தை ஒட்டிக் கிடக்கும் ஊராட்சி அது. பாலக்காடு என்றதும் அன்பர்கள் பலர் நெல்வயலையும் ஓயாத மழையையும் நினைத்துக்கொள்வார்கள். எங்கள் பக்கம் அப்படி இராது. தென்மேற்குப் பருவமழை மேற்கே பெய்து களைத்து, எங்களிடம் வரும்போது தூறலாகிவிடும். கரிசல் மண், பனைமரம், தென்னந்தோப்பு, ஆழ்குழாய்க் கிணறு ஆகியவையே எங்கள் நிலத்தின் அடையாளங்கள். வடகரப்பதி, எருத்தேம்பதி, ஒழலப்பதி என்று ஊர்ப் பெயர்கள் 'பதி' என முடியும். வீட்டில் பேசுவது தமிழ். சந்தையில் தமிழும் மலையாளமும் கைகோத்து நடக்கும். வாக்களிப்பது கேரளத்தில்; பெண் கொடுப்பதும் எடுப்பதும் பெரும்பாலும் கிணத்துக்கடவு, பொள்ளாச்சிப் பக்கத்தில்.

ஊருக்குப் போகும்போதெல்லாம் கோழிஞ்சாம்பாறையிலோ வேலந்தாவளத்திலோ டீக்கடைப் பெஞ்சில் அமர்ந்து பேச்சுக் கேட்பது எங்கள் வழக்கம். திருவனந்தபுரத்தைப் பற்றி அரைமணி நேரம் பேசினால் டில்லியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். உர விலை, சமையல் வாயு விலை, பட்டம் பெற்றும் வேலை கிடைக்காத மகன், தேங்காய்க்குக் கிடைக்காத விலை எனப் பேச்சு வளரும். முடிவில் ஒருவர் தலைவரை வாழ்த்துவார், மற்றொருவர் வைவார். பிறகு டீக்காசைக் கொடுத்துவிட்டு இருவரும் எழுந்து போவார்கள். கோபம் அங்கேயே ஆறிவிடும். அந்தக் கோபத்தில் பெரும்பகுதி நியாயமானது என்பது எங்கள் எண்ணம். அதனாலேயே அது அப்படி ஆறிப்போவது எங்களுக்கு வருத்தம் அளிக்கின்றது.

எங்கள் ஊராரின் பழைய கோபத்திலிருந்து தொடங்குகின்றோம். சித்தூர் வட்டம் முன்பு கொச்சி மன்னரின் ஆட்சியில் இருந்தது. 1949-இல் திருவிதாங்கூர்-கொச்சி இராச்சியத்தில் சேர்ந்தது. மொழிவழி மாநிலம் வேண்டும் என்ற குரல் நாடெங்கும் எழுந்தபோது, மத்திய அரசாங்கம் 1953-இல் பசல் அலி, குன்சுரு, கே. எம். பணிக்கர் ஆகிய மூவரைக் கொண்ட மாநிலச் சீரமைப்புக் குழுவை அமைத்தது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று கேட்ட வட்டங்களில் சித்தூரும் ஒன்று. 1955-இல் குழுவின் அறிக்கை வந்தது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றைத் தமிழகத்திற்குக் கொடுக்கலாம் என்று அது கூறிற்று. தேவிகுளம், பீருமேடு, சித்தூர் ஆகியவை கேரளத்திலேயே நின்றன. 1956 நவம்பர் முதல் நாள் கோடு உறுதியாயிற்று.

அந்தக் கோட்டை இன்று அழித்து வரைய வேண்டும் என்று நாங்கள் எழுத வரவில்லை. எழுபது ஆண்டுகளாக மலையாள மக்களோடு ஒரே வரப்பில் நடந்து, ஒரே கிணற்றில் நீர் இறைத்து வாழ்ந்துவருகின்றோம். அவர்களோடு எங்களுக்குப் பகை இல்லை. எங்கள் குறை வேறு. கோடு வரைந்தபோது டில்லி ஒரு வாக்கும் கொடுத்தது. அதே 1956-இல் அரசியலமைப்புச் சட்டத்தைத் திருத்தி, 350அ, 350ஆ என்னும் இரண்டு பிரிவுகளைச் சேர்த்தார்கள். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய வேண்டும் என்பது முதலாவது. மொழிச் சிறுபான்மையினரின் பாதுகாப்பை ஆராய்ந்து குடியரசுத் தலைவருக்கு அறிக்கை தர ஒரு தனி அதிகாரி வேண்டும் என்பது இரண்டாவது. எங்கள் ஊர் டீக்கடையில் அமர்ந்திருப்பவர்களில் எத்தனை பேருக்கு இவ்விரண்டும் தெரியும்? கோடு எல்லோருக்கும் தெரிகின்றது. வாக்கு ஒருவருக்கும் தெரியவில்லை. சொன்னவர்கள் வீடு வீடாக வந்து சொல்லவில்லை. கேட்க வேண்டியவர்களும் கேட்கவில்லை.

அடுத்தது தண்ணீரைப் பற்றியது. எங்கள் சித்தூர் வட்டத்திலேயே பெருமாட்டி ஊராட்சியில் பிளாச்சிமடை என்னும் சிற்றூர் இருக்கின்றது. 2000-இல் அங்கே கோக்க-கோலா நிறுவனத்தின் குளிர்பான ஆலை தொடங்கியது. சில காலத்திற்குள் சுற்றுப்புறக் கிணறுகளின் நீர் வற்றியதென்றும் குடிக்க ஆகாததாயிற்றென்றும் மக்கள் முறையிட்டார்கள். தமிழ் பேசும் இரவாளர் பழங்குடியினரே அவர்களில் பலர். மயிலம்மா என்னும் எழுத்தறியாத மூதாட்டி முன்னின்றார். 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாயிலில் அறப்போராட்டம் தொடங்கியது. 2003-இல் பெருமாட்டி ஊராட்சி ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. இங்கே அன்பர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மக்களின் கோபத்திற்கு ஒரு விலாசம் இருந்தது. ஆலை வாயில் கண்ணெதிரே இருந்தது. ஊராட்சி அலுவலகம் நடந்துபோகும் தொலைவில் இருந்தது. ஆகவே அது பயன் தந்தது.

பிறகு நடந்ததையும் கேளுங்கள். கேரள அரசாங்கம் அமைத்த உயர்நிலைக் குழு, அங்கே விளைந்த இழப்பு 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று 2010-இல் மதிப்பிட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு பெற்றுத்தரத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவைக் கேரளச் சட்டமன்றம் 2011 பிப்ரவரியில் ஒருமனதாக நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் இசைவுக்காக அது டில்லிக்குப் போயிற்று. போனது ஆண்டுக்கணக்காக அங்கேயே கிடந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இருக்கும்போது தனித் தீர்ப்பாயம் எதற்கு என்பது டில்லி எழுப்பிய கேள்விகளுள் ஒன்று. அந்தப் பசுமைத் தீர்ப்பாயத்தில் ஈடு கேட்பதற்கு ஐந்தாண்டுக் காலவரம்பு உண்டு. ஆலையோ 2004-இலேயே நின்றுவிட்டது. இடையில் 2014-இல் மத்தியில் ஒரு கட்சியின் ஆட்சி போய் மற்றொரு கட்சியின் ஆட்சி வந்தது. மசோதாவின் தலைவிதி மாறவில்லை. இறுதியில் அது இசைவு பெறாமலே திரும்பியது. மயிலம்மா 2007-இலேயே காலமாகிவிட்டார். ஆலை வாயிலில் வெற்றி பெற்ற கோபம் டில்லிக்குப் போனதும் வழிதவறிப் போயிற்று.

மூன்றாவது, 2016 நவம்பர் 8 இரவு. ஐந்நூறு ரூபாய், ஆயிரம் ரூபாய்த் தாள்கள் நள்ளிரவு முதல் செல்லாது என்று பிரதமர் தொலைக்காட்சியில் அறிவித்தார். நாட்டில் புழங்கிய பணத்தின் மதிப்பில் நூற்றுக்கு 86 பங்கு அந்தத் தாள்களே. எங்கள் அத்தை ஒருவர் பால் விற்ற பணத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, பேத்தியின் காதுகுத்துக்கென்று அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார். முப்பத்தாறு தாள்கள், எல்லாம் ஐந்நூறு. அவருக்குக் கணக்கு இருந்தது உள்ளூர்க் கூட்டுறவுச் சங்கத்தில் மட்டுமே. கேரளத்துக் கிராமங்களுக்கு அந்தச் சங்கங்களே வங்கி. அவை பழைய தாள்களை வாங்குவதற்கில்லை என்றாயிற்று. நவம்பர் 14 முதல் மாவட்டக் கூட்டுறவு வங்கிகளுக்கும் தடை வந்தது. அதை எதிர்த்துக் கேரள முதலமைச்சரும் அமைச்சர்களும் திருவனந்தபுரத்தில் ரிசர்வ் வங்கி அலுவலகத்தின் முன் உட்கார்ந்து அறப்போராட்டம் செய்தார்கள். மாற்றித் தரும் தொகையோ நாலாயிரம் என்றும், நாலாயிரத்து ஐந்நூறு என்றும், இரண்டாயிரம் என்றும் மாறிக்கொண்டே வந்தது. அத்தை மூன்று நாள் வரிசையில் நின்றார். காதுகுத்து தை மாதத்திற்குத் தள்ளிப்போயிற்று. அவர் யாரையும் வையவில்லை. "ஒரு வார்த்தை முன்னாடி சொல்லியிருந்தா நானே கொண்டுபோய் பேங்கில போட்டிருப்பேனே, கண்ணு" என்றார், அவ்வளவுதான்.

அத்தையின் அந்த ஒரு சொல் பெரிய மன்றங்களிலும் ஒலித்தது என்றே சொல்ல வேண்டும். செல்லாதென்று அறிவித்த தாள்களில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் திரும்பி வந்துவிட்டன என்று ரிசர்வ் வங்கியே 2018-இல் கணக்குக் கொடுத்தது. 2023 சனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த நடவடிக்கை செல்லும் என்று நால்வருக்கு ஒருவர் என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. வேறுபட்ட ஒருவர் நீதிபதி நாகரத்னா. இத்தகைய செயலை நாடாளுமன்றத்தின் சட்டத்தின் வழியே செய்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. மன்றத்தைக் கேட்டிருக்க வேண்டும் என்று நீதிபதி சொன்னார். ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்று எங்கள் அத்தை சொன்னார். இரண்டுக்கும் வேர் ஒன்றே.

நான்காவது, 2020 மார்ச் 24. இரவு எட்டு மணிக்கு அறிவிப்பு; நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு, 21 நாட்களுக்கு. கொள்ளைநோய்க் காலத்தில் கடுமை தேவைப்பட்டது என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் எல்லையில் வாழ்பவர்களை யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. எங்களுக்கு மருத்துவம், சந்தை, உறவு மூன்றும் கோட்டின் மறுபுறத்தில் இருக்கின்றன. அந்நாட்களில் எங்கள் பெரியப்பா காலமானார். பொள்ளாச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்த அவருடைய மகளுக்கு வழக்கமாக ஒரு மணி நேரப் பயணம். அனுமதிச் சீட்டு அவள் கைக்கு வந்தது மூன்றாம் நாள். அதற்குள் காரியமெல்லாம் முடிந்துவிட்டது. இந்தப் பக்கத்து அலுவலகம் அந்தப் பக்கத்தைக் கேட்கச் சொன்னது. அந்தப் பக்கத்து அலுவலகம் இந்தப் பக்கத்தைக் கேட்கச் சொன்னது. இருவருமே டில்லியின் ஆணை என்றார்கள்.

எங்களுக்காவது பிணம் எடுக்கும் துயரம். கேரளத்தின் வடகோடியில் காசர்கோட்டு மக்களுக்கு உயிரே போகும் துயரம் நேர்ந்தது. அவர்களுக்குப் பெரிய மருத்துவமனை என்றால் அது கர்நாடகத்து மங்களூர். கர்நாடகம் சாலைகளில் மண்ணைக் கொட்டி வழியை அடைத்தது. போய்ச்சேர இயலாமல் நோயாளிகள் மாண்டார்கள். தேசிய நெடுஞ்சாலையில் உள்ள தடையை மத்திய அரசாங்கம் அகற்ற வேண்டும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2020 ஏப்ரல் முதல் நாள் ஆணையிட வேண்டியதாயிற்று. கேட்காமல் ஆணையிடத் தெரிந்த டில்லிக்கு, இரண்டு மாநிலங்கள் மோதிக்கொள்ளும் இடத்தில் உடனே வந்து நிற்கத் தெரியவில்லை.

வாய்க்கால் நீரிலும் இதே கதைதான். பரம்பிக்குளம்-ஆழியாறு உடன்படிக்கை 1970 மே 29 அன்று கையெழுத்தாயிற்று. அதன்படி மணக்கடவு அணையில் சித்தூர்ப் புழைக்கு ஆண்டுதோறும் 725 கோடி கன அடி நீர் வர வேண்டும். முப்பது ஆண்டுக்கு ஒருமுறை உடன்படிக்கையை மறுபடி ஆராய வேண்டும் என்றும் எழுதியிருக்கின்றார்கள். 1958 முதல் கணக்கிட்டதால் முதல் மறுஆய்வு 1988-இல் முடிந்திருக்க வேண்டும். 2019-இல்தான் இரு முதலமைச்சர்களும் சந்தித்து, இதற்கெனக் குழு அமைக்க இசைந்தார்கள். கடைமடையில் நிற்கும் உழவனுக்கு இந்த முப்பத்தொரு ஆண்டுத் தாமதம் ஒரு தலைமுறையின் வெள்ளாமை. அவன் பொள்ளாச்சிப் பக்கத்தாரை நோகிறான். பொள்ளாச்சிப் பக்கத்தார் அவனை நோகிறார்கள். இரு பக்கமும் பேசுவது ஒரே தமிழ்.

இவையெல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது எங்களுக்கு ஒன்று விளங்குகின்றது. டீக்கடையில் நாம் ஒரு தலைவரின் பெயரைச் சொல்லி வைகின்றோம், அல்லது வாழ்த்துகின்றோம். அவர் போனால் எல்லாம் சரியாகும் என்கிறார் ஒருவர். அவர் இருப்பதால்தான் இவ்வளவாவது என்கிறார் மற்றொருவர். ஆனால் 1956-இல் கோடு வரைந்தபோது ஆண்ட கட்சி வேறு; 2016-இலும் 2020-இலும் ஆண்ட கட்சி வேறு; பிளாச்சிமடை மசோதாவோ இரண்டு ஆட்சியையும் கண்டது. ஆட்கள் மாறினார்கள். எல்லை மக்களைக் கேளாமல் முடிவு செய்யும் வழக்கமும், முடிவின் விளைவை யாரிடம் முறையிடுவது என்று தெரியாத நிலையும் மாறவில்லை. தலைவர்களை மதிப்பிட வேண்டியது வாக்காளரின் கடமை. அதைச் செய்யத்தான் வேண்டும். அதோடு, இந்த வழக்கத்தையும் மதிப்பிட வேண்டும் அன்றோ?

டில்லியிலிருந்து வந்தவை யாவும் தீமை என்று எழுதினால் அது பொய்யாகும். 2005-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் வந்த நூறு நாள் வேலையினால், தம் பெயரில் முதன்முதலாகக் கூலி வாங்கிய பெண்கள் எங்கள் ஊரிலும் உண்டு. அந்தக் காசில் மருந்து வாங்கினார்கள். பேரப்பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கினார்கள். அச்சட்டம் யாரோ ஒருவர் இரவில் நினைத்துக் காலையில் தந்த பரிசு அன்று. நாட்டின் பல பகுதிகளில் மக்கள் இயக்கங்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டுப் பெற்றது. கேட்டுப் பெற்றது மக்களின் கைக்கு வந்து சேர்ந்தது. கேளாமல் தலையில் விழுந்தது காயப்படுத்தியது.

ஆதலால், கேட்பது எப்படி என்பதே நம் கேள்வியாக இருக்க வேண்டும். அரசியலமைப்புச் சட்டத்தின் 350-ஆவது பிரிவை அன்பர்கள் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். தனக்கு நேர்ந்த குறையைத் தீர்க்குமாறு மத்திய அரசாங்கத்தின் அல்லது மாநில அரசாங்கத்தின் எந்த அதிகாரிக்கும், அந்த ஒன்றியத்தில் அல்லது மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் விண்ணப்பம் கொடுக்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கின்றது அது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்திற்கும் தம் பகுதி அலுவலகங்களுக்கும் தம் மொழியில் எழுத வழி செய்தது. பதில் எந்த மொழியில் வர வேண்டும் என்று 350-ஆவது பிரிவு சொல்லவில்லை. அது பெரிய குறைதான். ஆயினும் கதவு திறந்திருக்கின்றது.

எங்கள் அத்தையின் செய்தி ஒன்றை மறுபடியும் சொல்கின்றோம். உழவர்களுக்கு மத்திய அரசாங்கம் ஆண்டுக்கு ஆறாயிரம் ரூபாயை மூன்று தவணையாகக் கொடுக்கும் திட்டம் 2019-இல் வந்தது. அத்தைக்கு வந்துகொண்டிருந்த பணம் திடீரென்று நின்றுவிட்டது. விசாரித்ததில், நிலப் பத்திரத்தில் அவர் பெயர் மலையாள வழக்கப்படி ஒருவிதமாகவும், ஆதார் அட்டையில் வேறுவிதமாகவும் இருந்தது தெரிந்தது. எல்லை மக்களில் பலருக்கு இப்படி இரண்டு பெயர் உண்டு. ஊரில் எல்லோரும் டில்லியை வைதார்கள். நாங்கள் அத்தையின் பெயரால் தமிழில் ஒரு பக்க விண்ணப்பம் எழுதி, இரண்டு பத்திரங்களின் நகலையும் வைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினோம். பதில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வந்தது. படித்துச் சொல்ல ஆள் தேட வேண்டியிருந்தது. எந்த அலுவலகத்தில் எந்தச் சான்றைக் கொடுக்க வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. கொடுத்தோம். நின்ற தவணைகள் நான்கு மாதத்தில் வந்து சேர்ந்தன. நாலாயிரம் ரூபாய் பெரிய தொகையா என்று கேட்கலாம். அத்தைக்கு அது ஒரு மாட்டின் கோடைத் தீவனம்.

அதற்குப் பிறகு அத்தெருவில் உள்ளவர்கள் ஏழெட்டுப் பேர் அதே போல எழுதினார்கள். சிலருக்குப் பணம் வந்தது. சிலருக்குப் பதிலே வரவில்லை. பதில் வராதவர்கள் மறுபடியும் எழுதியிருக்கின்றார்கள். எழுதிய தேதியையும் பதிவு எண்ணையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் குறித்து வைத்திருக்கின்றார்கள். டீக்கடையில் இன்றும் டில்லியை வைவது நிற்கவில்லை, நிற்கவும் வேண்டாம். இப்போது அந்தப் பேச்சின் நடுவே, "உங்கள் காகிதத்துக்குப் பதில் வந்ததா?" என்ற கேள்வியும் எழுகின்றது.

வெளியூரில் வாழும் நம் குடும்பங்களுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. ஊரில் இருப்பவர்களுக்குக் குறை தெரியும். நமக்கு அலுவலகங்களின் நடைமுறை சற்றுத் தெரியும். மாதம் ஒருமுறை பணம் அனுப்பும்போது, "ஏதாவது காகிதம் எழுத வேண்டியிருக்கிறதா?" என்று நாம் கேட்கலாம். ஒரு விண்ணப்பத்தில் ஒரு குறை மட்டும் எழுத வேண்டும். அது மாநிலத்தின் வேலையா மத்தியின் வேலையா என்று பார்த்து உரிய இடத்திற்கு அனுப்ப வேண்டும். நகல் வைத்துக்கொள்ள வேண்டும். தமிழில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் தமிழில் விண்ணப்பம் வருவதே இல்லை என்று அவர்கள் கணக்கு எழுதிவிடுவார்கள். நம் பிள்ளைகளில் தமிழ் எழுதத் தெரிந்தவர்களைக் கொண்டு எழுதச் செய்தால், அவர்களுக்கு மொழியும் நிற்கும், ஊரும் நிற்கும்.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்குச் சீட்டால் ஒரு பதில் சொல்கின்றோம். இடைப்பட்ட ஆண்டுகளில் நம் கோபம் எங்கே போகின்றது என்பதைப் பொறுத்தே அடுத்த அறிவிப்பு வரும்போது நம்மை ஒரு வார்த்தை கேட்பார்களா, கேட்கமாட்டார்களா என்பது அமையும். சித்தூர் வட்டத்து மக்கள் கேட்கத் தெரியாதவர்கள் அல்லர். ஆலை வாயிலில் அமர்ந்து கேட்டதை நாடு கண்டது. இனி அஞ்சல் பெட்டியிலும் கேட்போம்.